மேசைமேல் ஒரு 1957 பெல் ஏர்: அமெரிக்கப் பழைய கார் மாடல் கட்டத் தொடங்குகிறவர்களுக்கு

1957ஆம் ஆண்டு செவர்லே பெல் ஏர் காரின் நீளம் 200 அங்குலம். அதை 25இல் ஒரு பங்காகச் சுருக்கினால் எட்டு அங்குலம் வரும். ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவு. 1959 கேடிலாக்கை அதே கணக்கில் சுருக்கினால் ஒன்பது அங்குலம், ஏறத்தாழ ஒரு சாணே. அமெரிக்கப் பழைய கார்களின் பிளாஸ்டிக் மாடல் கிட்டுகளில் (உதிரிகளாகப் பெட்டியில் வரும், நாமே ஒட்டிக் கட்ட வேண்டியவை) பெரும்பாலானவை இந்த 1/25 அளவிலும், அதை ஒட்டிய 1/24 அளவிலும்தான் வருகின்றன. முடித்த மாடலைக் கையில் எடுத்தால் கனமே தெரியாது. ஆனால் கதவுக் கைப்பிடி, டேஷ்போர்டு, எஞ்சினுக்குப் போகும் ஸ்பார்க் பிளக் வயர் வரை எல்லாவற்றையும் காட்ட அதில் இடம் இருக்கும்.

போர் விமானமோ டாங்கியோ செய்கிறவர்களுக்கு ஒரு வசதி உண்டு. ஒட்டிய இடத்தில் சிறு பிசகு இருந்தால் சேறு, துரு, புகைக்கறை பூசி மறைத்துவிடலாம். அது அழகாகவும் இருக்கும். பெல் ஏர் காருக்கு அந்த வசதி இல்லை. ஷோரூமிலிருந்து அது வெளிவந்தபோது முகம் பார்க்கும் அளவுக்கு மின்னியது. அந்தப் பளபளப்பில் ஒரு தூசி, ஒரு விரல்ரேகை, சரியாகத் தேய்க்காத ஒரு கோடு இருந்தாலும் கண் அங்கேயே போய் நிற்கும். ஆகவே இந்தக் கட்டுரை முழுவதிலும் நான் சொல்ல வருவது ஒன்றுதான்: உங்கள் நேரத்தில் முக்கால் பங்கைக் காரின் மேற்பாடிக்குக் கொடுங்கள். நாமக்கல்லில் லாரிக்கும் கரூரில் பஸ்ஸுக்கும் 'பாடி கட்டுகிறார்கள்' என்று சொல்கிறோமே, இந்தக் கலையும் அடிப்படையில் பாடி கட்டும் வேலைதான். எஞ்சினும் இருக்கையும் சேசிஸ் எனும் அடிச்சட்டமும் அதற்குப் பிறகு.

எந்தக் கிட்டை வாங்குவது

நான் வசிப்பது அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில். இந்தக் கிட்டுகளில் பல பிறந்தது இந்த வட்டாரத்தில்தான். ஏஎம்டி நிறுவனம் 1948இல் தொடங்கியது. அதன் முதல் மாடல் அலுமினியத்தில் வார்த்த ஒரு ஃபோர்டு கார். அதனால்தான் 'அலுமினம் மாடல் டாய்ஸ்' என்று பெயர். டெட்ராய்ட்டின் ஜோ-ஹான், மவுன்ட் கிளெமன்ஸில் 1963இல் தோன்றிய எம்பிசி ஆகியவையும் கார் தொழிற்சாலைகளின் அக்கம்பக்கத்தில் வளர்ந்தவை. புதுக் கார் பார்க்க வந்தவர்களுக்கு டீலர்கள் கொடுத்த 'புரோமோ' எனும் சிறு கார்களைச் செய்துகொண்டிருந்த இந்த நிறுவனங்கள், அதே அச்சுகளிலிருந்து வீட்டில் கோத்துக்கொள்ளும் கிட்டுகளையும் விற்கத் தொடங்கின. 1958இல் ஏஎம்டி கொண்டுவந்த 'த்ரீ இன் ஒன்' கிட்டில் ஒரே பெட்டியை வைத்துக்கொண்டு தொழிற்சாலைக் காராகவோ, அலங்கரித்த காராகவோ, பந்தயக் காராகவோ கட்டலாம். இன்றும் பல பெட்டிகளில் மிஞ்சிக் கிடக்கும் அதிகப்படியான உதிரிகளுக்கு இதுதான் காரணம்.

கலிபோர்னியாவின் ரெவெல், சிகாகோ பக்கத்து மோனோகிராம் ஆகியவை தனித்தனியே வளர்ந்து 1986இல் ஒன்றாயின. இப்போது ரெவெல் ஜெர்மனியில் இருக்கிறது. ஏஎம்டி, எம்பிசி பெயர்களில் வரும் கிட்டுகளை இந்தியானா மாநிலத்து சவுத் பெண்டில் உள்ள ரவுண்ட் 2 நிறுவனம் வெளியிடுகிறது.

இந்த வரலாறு தெரிந்திருப்பது கடையில் உதவும். பெட்டியின் படம் புதிதாக இருக்கலாம். உள்ளே இருக்கும் அச்சு 1960களுடையதாக இருக்கலாம். பழைய அச்சில் உருவம் அழகாக வந்திருக்கும், ஆனால் உதிரிகள் ஒன்றோடொன்று பொருந்த வேலை கொடுக்கும். புது அச்சு என்றால் பொருத்தம் நன்றாக இருக்கும். ஆனால் உதிரிகளின் எண்ணிக்கை நூற்றைத் தாண்டும். மோபியஸ் நிறுவனத்தின் ஹட்சன் ஹார்னெட் இதற்கு நல்ல உதாரணம்: அருமையான கிட், முதல் கிட்டாக வாங்கக் கூடாத கிட்.

முதல் முறை வாங்குகிறவர் பெட்டியில் மூன்றைப் பாருங்கள். பெட்டியில் போட்டிருக்கும் திறன் நிலை எண் 2 அல்லது 3 ஆக இருக்கட்டும். காரின் கதவுகள் திறந்து மூடும் வகையாக இருக்கக் கூடாது. ரெவெலின் பழைய 1957 செவர்லே ஒன்று அப்படிப்பட்டது. நான்கு கதவு விளிம்புகளை நேர்படுத்துவதற்குள் புதியவர் சலித்துப்போவார். மூன்றாவது, ஒரே நிறத்தில் பூசக்கூடிய கார். இன்றைய புதுக் கிட் 30 முதல் 40 டாலர் வரை ஆகும். மறுபதிப்பாக வந்த கிட்டையே வாங்குங்கள். முதல் கையில் அபூர்வமான பழம்பெட்டியைப் பலி கொடுக்க வேண்டாம்.

மேசையில் இருக்க வேண்டியவை

பட்டியல் சிறியதுதான். பிளாஸ்டிக் சட்டத்திலிருந்து உதிரியை வெட்டியெடுக்கத் தட்டை முகமுள்ள கட்டர். 11ஆம் எண் பிளேடு போட்ட கத்தி, கூடவே ஒரு பெட்டி மாற்று பிளேடு. 400, 600, 1000, 2000 எண் நீர் உப்புத்தாள். ஊசி அரம் ஒரு செட். கூர்முனை இடுக்கி. ஜப்பானிய நிறுவனமான டமியாவின் மஞ்சள் மாஸ்கிங் டேப் (பெயிண்ட் படக்கூடாத இடத்தை மறைக்க). டமியாவின் மெல்லிய சிமெண்ட். இது பசை என்பதைவிட பிளாஸ்டிக்கைக் கரைத்து ஒன்றாக்கும் திரவம் என்பதே சரி. இரண்டு உதிரிகளையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டு பிரஷ் நுனியால் இணைப்பில் தொட்டால் போதும், திரவம் தானாக உள்ளே ஓடிவிடும். கண்ணாடிக்கு வெள்ளைப் பசை. பல்குத்தும் குச்சி, காது குடையும் பஞ்சுக்குச்சி, ரப்பர் பேண்டு ஆகியவை வீட்டிலேயே இருக்கும்.

பிளேடில் மட்டும் சிக்கனம் வேண்டாம். மழுங்கிய பிளேடுதான் வழுக்கிக்கொண்டு விரலில் ஏறும்.

நிஜக் காரைப் பார்த்துவிட்டு வாருங்கள்

ஒவ்வோர் ஆகஸ்டு மாதமும் டெட்ராய்ட்டுக்கு வடக்கே உட்வர்டு அவென்யூவில் பழைய கார்கள் ஆயிரக்கணக்கில் ஊர்வலமாகப் போகும். 1995இல் தொடங்கிய வழக்கம் அது. சில வருடங்களுக்கு முன் அங்கே சாலையோரம் ஒரு நீலநிற 1957 பெல் ஏர் நின்றிருந்தது. பக்கத்தில் மடக்கு நாற்காலியில் அமர்ந்திருந்த முதியவர், நான் குனிந்து குனிந்து படமெடுப்பதைப் பார்த்து எழுந்து வந்தார். பெட்ரோல் எங்கே போடுவது என்று கண்டுபிடிக்கச் சொன்னார். பின்பக்கத் தகட்டில் மூடி இல்லை, நம்பர் பிளேட்டுக்குப் பின்னாலும் இல்லை. அவர் பின்பக்கம் இறகுபோல் உயர்ந்து நிற்கும் இடதுபக்க வால் இறகின் ஓரத்திலிருந்த குரோம் பட்டையை விரலால் இழுத்தார். பட்டை கதவுபோல் திறந்தது; உள்ளே பெட்ரோல் மூடி இருந்தது. மாடலில் அந்த இடத்தில் ஒரு மெல்லிய கோடு மட்டும் வார்த்திருப்பார்கள். அதன் பொருள் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது. அதன்பின் அந்தக் கோட்டை நான் எந்த மாடலிலும் பெயிண்டால் மூழ்கடித்ததில்லை.

ஆகவே கிட்டைத் திறப்பதற்கு முன் உங்கள் காரின் நிஜப் படங்களைத் தேடி எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முன், பின், பக்கம், எஞ்சின் அறை, உள்பக்கம், சக்கரம். பெல் ஏருக்கு நீங்கள் கவனிக்க வேண்டியவை: முன் கிரில்லின் வலை வெள்ளி நிறமல்ல, பொன்னிறம். முன் மட்கார்டுகளில் மூன்று சிறு பொன்னிறக் கோடுகள். பின்பக்கவாட்டில் வரிவரியாகக் கோடிட்ட அலுமினியத் தகடு. அது குரோமைவிட மங்கல். டயரில் அகலமான வெள்ளைப் பட்டை. மெல்லிய வெள்ளைப் பட்டை 1962 வாக்கில்தான் பரவியது. கிட்டோடு மெல்லிய பட்டை டயர் வந்திருந்தால் 1957 காருக்கு அதைப் போடாதீர்கள். நிறத்துக்கும் அன்றைய பெயர்கள் உண்டு: லார்க்ஸ்பர் நீலம், சர்ஃப் பச்சை, மேட்டடார் சிவப்பு, இந்தியா ஐவரி. அந்தப் பெயர்களைத் தேடினால் நிஜ நிறத்தின் மாதிரி கிடைத்துவிடும்.

கழுவி, கோடு சுரண்டி, கோத்துப் பார்த்தல்

அச்சிலிருந்து உதிரி எளிதாக விடுபட எண்ணெய்ப் பசை பூசியிருப்பார்கள். பாத்திரம் கழுவும் சோப்பும் வெதுவெதுப்பான தண்ணீரும் கொண்டு எல்லாவற்றையும் கழுவிக் காய வையுங்கள். குரோம் பூசிய சட்டத்தை மட்டும் மெதுவாக அலசினால் போதும். கழுவும் தொட்டியின் துளையை முதலில் அடைத்துவிடுங்கள். பின்நோக்குக் கண்ணாடி அரிசியளவு இருக்கும்.

பாடி, பல துண்டுகளாக வரும் அச்சில் வார்த்தது. அந்தத் துண்டுகள் சேர்ந்த இடமெல்லாம் மயிரிழை போன்ற ஒரு கோடு நிற்கும். மட்கார்டின் மேல்விளிம்பு, கூரையின் பின்தூண், வால் இறகின் முதுகு ஆகிய இடங்களில் அதைத் தேடுங்கள். கண்ணுக்குப் படாவிட்டாலும் நகத்துக்குப் படும். கத்தியின் கூர்ப்பக்கத்தால் அல்ல, முதுகுப்பக்கத்தால் மெல்லச் சுரண்டி, 400 தாளிலும் 600 தாளிலும் தண்ணீர் தொட்டுத் தேயுங்கள். புதியவர் செய்த மாடல் என்று ஒரு பார்வையில் காட்டிக்கொடுப்பது இந்தக் கோடுதான். பளபளப்பான பெயிண்ட் அதை மறைக்காது. பத்து மடங்கு பெரிதாக்கிக் காட்டும்.

அடுத்து, கதவு, பானெட், டிக்கி ஆகியவற்றின் இடுக்குக் கோடுகளைப் பிளேடின் முதுகால் இரண்டு மூன்று முறை இழுத்து ஆழப்படுத்துங்கள். மேலே பிரைமரும் (நிறத்துக்கு முன் பூசும் அடிப்பூச்சு) பெயிண்டும் ஏறும்போது அவை தூர்ந்துவிடும்.

பிறகு பசையில்லாமல் காரை முழுதாக ஒருமுறை கோத்துப் பாருங்கள். டேப்பும் ரப்பர் பேண்டும் போட்டு சேசிஸ், உள்பகுதி, கண்ணாடி, பாடி எல்லாம் ஒன்றாக உட்காருகின்றனவா என்று பார்த்துவிடுங்கள். உள்பகுதித் தொட்டி உயரமாக இருந்தால் பாடி சேசிஸில் இறங்காது. அதை இப்போது அரத்தால் தேய்ப்பது ஐந்து நிமிட வேலை. பெயிண்ட் அடித்தபின் தெரிந்தால் அழுகைதான் வரும்.

பெயிண்ட்

இங்கேதான் பொறுமை வேண்டும்.

முதலில் ஒரு கணக்கு. 1/25 அளவில் 0.1 மில்லிமீட்டர் தடிமன் என்பது நிஜக் காரில் 2.5 மில்லிமீட்டர். ஒரு தாளின் தடிமனுக்குப் பெயிண்ட் ஏறினாலே காருக்கு மெழுகு வார்த்ததுபோல் ஆகிவிடும். எழுத்துகள் கரையும், கோடுகள் உருண்டுபோகும். ஆகவே மெல்லிய பூச்சு, பல முறை.

தொடங்குகிறவருக்கு ஸ்பிரே டப்பாவே போதும். ஏர்பிரஷ் அடுத்த வருடம் வாங்கலாம். டமியாவின் டிஎஸ் வரிசை லாக்கர் (விரைவில் காயும் பெயிண்ட் வகை) ஸ்பிரே இந்த வேலைக்கென்றே செய்தது. பிஎஸ் என்று எழுதியிருந்தால் எடுக்காதீர்கள். அது ரேடியோ கார்களின் பாலிகார்பனேட் பாடிக்கானது. நிஜக் காருக்கு டச்சப் செய்யும் பெயிண்டை நேரடியாக மாடலில் அடித்தால் பிளாஸ்டிக் வெடித்து வலைபோலக் கீறிவிடும். எனாமல் என்ற, மெதுவாகக் காயும் பெயிண்ட் காய்ந்ததன்மேல் லாக்கர் அடித்தால் கீழ்ப்பூச்சு சுருங்கிக் கிளம்பும். தலைகீழாக, லாக்கர்மேல் எனாமல் அடிப்பதில் ஆபத்தில்லை. குழப்பம் வேண்டாமென்றால் பிரைமர், நிறம், கிளியர் (நிறமில்லாத மேல்பூச்சு) மூன்றையும் ஒரே நிறுவனத்தின் ஒரே வகையில் வாங்கிவிடுங்கள்.

அடிக்கும் முறை இது. டப்பாவை வெதுவெதுப்பான குழாய்த் தண்ணீரில் சில நிமிடம் நிறுத்துங்கள். அழுத்தம் கூடி, தூறல் நுண்மையாகும். அடுப்பில் வைக்காதீர்கள், கொதிநீரில் போடாதீர்கள், வெடிக்கும். பிறகு ஒரு நிமிடம் நன்றாகக் குலுக்குங்கள். பாடியை ஒரு டப்பாவின்மேல் டேப்பால் நிறுத்தி, 15 முதல் 20 சென்டிமீட்டர் தொலைவில் பிடியுங்கள். காருக்கு வெளியே பொத்தானை அழுத்தி, காரைக் கடந்து, மறுபக்கம் வெளியே போனபின் விடுங்கள். காரின்மேல் தொடங்கினாலும் நிறுத்தினாலும் அங்கே துளி விழும்.

பிரைமர் இரண்டு மெல்லிய பூச்சு. அது ஏறியதும் நீங்கள் கோட்டை விட்ட அச்சுக்கோடுகள் பல்லைக் காட்டும். தேய்த்து, மறுபடி பிரைமர். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பிரைமர் இருப்பதே அதற்காகத்தான். நிறத்துக்கு முதலில் பனிபோல் இரண்டு தூறல். பிளாஸ்டிக் இன்னும் தெரிந்துகொண்டிருக்கட்டும். பத்து நிமிட இடைவெளி. பிறகு ஓர் ஈரப்பூச்சு: பரப்பு முழுவதும் கண்ணாடிபோல் நனையும் அளவுக்கு, வழியும் நிலைக்கு ஒரு மயிரிழை முன்னால் நிறுத்த வேண்டும். இந்த அளவைச் சொல்லித்தர முடியாது. பழைய பிளாஸ்டிக் கரண்டிகளில் பத்து முறை அடித்துப் பாருங்கள், கை கற்றுக்கொள்ளும். கரண்டியின் வளைவும் மட்கார்டின் வளைவும் ஒரே மாதிரி.

மழை நாளில் லாக்கர் அடிக்காதீர்கள். காற்றில் ஈரம் இருந்தால் பெயிண்டில் பால்போல் ஒரு வெள்ளை மங்கல் படியும். சென்னை, நாகப்பட்டினம், யாழ்ப்பாணம் போன்ற கடலோர ஊர்களில் இருப்பவர்கள் வெயிலேறிய முன்பகல் வேளையைப் பாருங்கள். இங்கே மிச்சிகனில் எங்கள் சிக்கல் வேறு: குளிர்காலத்தில் எல்லோரும் நிலவறையில் உட்கார்ந்து மாடல் செய்கிறோம், அங்கேயே வெந்நீர்க் கொதிகலனின் சிறு சுடர் எரிந்துகொண்டிருக்கிறது. ஸ்பிரேயின் ஆவி தீப்பற்றக்கூடியது. சுடர் இருக்கும் அறையில் ஒருபோதும் அடிக்கக் கூடாது. எங்கே அடித்தாலும் காற்றோட்டமும், ரசாயன ஆவியை வடிகட்டும் முகமூடியும் வேண்டும். துணி முகமூடி இதற்குப் பயன்படாது.

அடித்து முடித்ததும் தூசி விழாமல் ஒரு பெட்டியைக் கவிழ்த்து மூடிவிட்டு அந்த அறையைவிட்டே வெளியேறுங்கள். லாக்கருக்கு இரண்டு மூன்று நாள். எனாமலுக்கு ஒரு வாரத்துக்கும் மேல். காய்ந்ததா என்று விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள், முகர்ந்து பாருங்கள். பெயிண்ட் வாசம் வருகிறதென்றால் இன்னும் காயவில்லை.

எனது முதல் பெல் ஏரை நான் இரண்டு நிறத்தில் செய்தேன்: கூரை இந்தியா ஐவரி, கீழே நீலம். வெளிர்நிறத்தை முதலில் அடித்தது சரி. ஆனால் மாலையில் அடித்த கூரைக்கு மறுநாள் காலையே டேப் ஒட்டிவிட்டேன். நீலம் அடித்து டேப்பை உரித்தபோது கூரை முழுவதும் டேப்பின் நெசவு பதிந்திருந்தது. பின்தூணில் ஐவரி தோலோடு கழன்று வந்தது. பாடியை ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் ஓர் இரவு ஊறவைத்து, பழைய பல்தேய்க்கும் பிரஷால் எல்லாவற்றையும் எடுத்துவிட்டு மறுபடி பிரைமரிலிருந்து தொடங்கினேன். மூன்று நாள் காத்திருந்தால் தவிர்த்திருக்கக்கூடிய வேலைக்குப் பத்து நாள் போனது. அந்தப் பத்து நாளில் நான் கற்றுக்கொண்ட ஒரு நல்ல விஷயம், கிட்டுகளை வார்க்கும் ஸ்டைரீன் பிளாஸ்டிக் மிகப் பொறுமையானது என்பது. எந்தப் பூச்சையும் கழற்றிவிட்டு மறுபடி தொடங்க அது இடம் கொடுக்கும்.

பூச்சு நன்றாகக் காய்ந்தபின் 2000 எண்ணிலிருந்து தொடங்கி அதைவிட நுண்ணிய தாள்களில் தண்ணீர் விட்டுத் தேய்த்து, கடைசியில் பாலிஷ் பசையால் துடைத்தால் கண்ணாடிப் பளபளப்பு வரும். மேடான விளிம்புகளில் தேய்க்காதீர்கள், அங்கே பெயிண்ட் மெல்லியதாக இருக்கும். ஒரே இழுப்பில் பிரைமர் எட்டிப் பார்க்கும்.

குரோம்

1950களின் அமெரிக்கக் காரில் குரோம் இல்லாவிட்டால் அது அந்தக் காரே அல்ல. பம்பர், கிரில் ஆகியவை குரோம் பூசியே வரும். ஆனால் ஜன்னல் ஓரம், பக்கவாட்டுப் பட்டை, வால் இறகின் விளிம்பு எல்லாம் பாடியோடு சேர்த்து வார்த்திருப்பதால் அவற்றை நீங்கள்தான் உருவாக்க வேண்டும். வெள்ளி பெயிண்டைப் பிரஷால் தீட்டினால் அது சாம்பல்நிறப் பட்டையாகத்தான் தெரியும். இதற்கென்றே பேர்-மெட்டல் ஃபாயில் என்ற, பின்புறம் பசை தடவிய மிக மெல்லிய உலோகத்தாள் கிடைக்கிறது.

பட்டையைவிடச் சற்று அகலமாக ஒரு துண்டு வெட்டுங்கள். இடுக்கியால் எடுத்து மேலே படியவிட்டுப் பஞ்சுக்குச்சியால் தேயுங்கள். பல்குச்சியின் முனையால் இரு ஓரத்துப் பள்ளத்திலும் அழுத்துங்கள். பட்டையின் உருவம் தாளில் எழும்பி வரும். பின் புத்தம்புது பிளேடைப் போட்டு, பிளேடின் எடையே வெட்டும் அளவுக்கு மெல்லப் பள்ளத்தில் இழுங்கள். அழுத்தினால் பெயிண்ட் வெட்டுப்படும். ஓரத்துத் தாளை உரித்தால் கீழே நிற்பது உலோகம். முதல் ஜன்னலுக்கு முக்கால் மணிநேரம் ஆகும். நான்காவதற்குப் பத்து நிமிடம். பெல் ஏரின் வரிவரியான பக்கத் தகட்டுக்கு மங்கலான அலுமினியத் தாள் தனியாக உண்டு. இரண்டையும் அடுத்தடுத்து ஒட்டும்போது வரும் அந்தச் சிறு வேறுபாடுதான் இந்தக் காரின் உயிர் என்று நான் நினைக்கிறேன்.

பானெட்டிலும் டிக்கியிலும் உள்ள 'செவர்லே' என்ற சாய்வெழுத்துக்கு ஓர் உத்தி உண்டு. நிறம் அடிப்பதற்கு முன்பே எழுத்தின்மேல் உலோகத்தாளை ஒட்டிவிட்டு, அதன்மேல் பெயிண்ட் அடித்துவிடுங்கள். காய்ந்தபின் மிக நுண்ணிய உப்புத்தாளால் எழுத்தின் முகட்டை மட்டும் தேய்த்தால் பெயிண்ட் விலகி, அடியிலிருந்து உலோகம் வெளிப்படும்.

கிரில்லைப் பொன்னிறமாக்கப் பொன் பெயிண்ட் வேண்டாம். குரோமின்மேல் ஒளிபுகும் மஞ்சளில் துளி ஆரஞ்சு கலந்து தடவுங்கள். உள்ளிருந்து பொன் மின்னும். பிறகு நீர்த்த கறுப்பைத் துளைகளில் ஓடவிட்டால் ஆழம் வந்துவிடும். குரோம் உதிரியை ஒட்டும் இடத்தில் குரோமைச் சுரண்டிவிட வேண்டும். சிமெண்ட் பிளாஸ்டிக்கைத்தான் பிடிக்கும், குரோமைப் பிடிக்காது. சட்டத்திலிருந்து வெட்டிய தழும்புக்கு மோலோடாவ் குரோம் பேனாவால் ஒரு பொட்டு வைத்தால் போதும்.

எஞ்சின்

பாடி காயும் நாட்களில் இதைச் செய்யலாம். எஞ்சினின் நிறம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறும். செவர்லேயின் எட்டு சிலிண்டர் வி8க்கு ஆரஞ்சு, பான்டியாக்குக்கு வெளிர்நீலம். ஃபோர்டு எஞ்சின்களுக்கு நீலம் 1966இல்தான் பொதுவாக வந்தது. 1965 மஸ்டாங்கின் 289 எஞ்சினை நீலத்தில் தீட்டியவர்களை நிறையப் பார்க்கிறேன். அது கறுப்பு, மேல்மூடிகள் பொன்னிறம்.

முதல் மாடலில் வயர் இழுக்க வேண்டாம். இரண்டாவதில் ஆசை வந்தால் 0.3 மில்லிமீட்டர் வயர் வாங்குங்கள். நிஜ வயரின் தடிமனை 25ஆல் வகுத்தால் அதுதான் வரும். ஸ்பார்க் பிளக்குகளுக்கு மின்சாரத்தைப் பங்கிடும் டிஸ்டிரிபியூட்டர் செவர்லேயில் எஞ்சினுக்குப் பின்புறம் இருக்கும். சிலிண்டர்களின் எண்கள் ஓட்டுநர் பக்கம் முன்னிருந்து 1, 3, 5, 7. மறுபக்கம் 2, 4, 6, 8. எரியும் வரிசை 1-8-4-3-6-5-7-2. டிஸ்டிரிபியூட்டர் மூடியைச் சுற்றி இந்த வரிசையில் எட்டு வயர், நடுவிலிருந்து காயிலுக்கு ஒன்று, ஆக ஒன்பது. பானெட்டைத் திறந்து பார்க்கிற மெக்கானிக் எவரும் இதைத்தான் முதலில் எண்ணுவார்.

கண்ணாடியும் கடைசிக் கோப்பும்

கண்ணாடிக்கு வெள்ளைப் பசை மட்டுமே. சூப்பர் குளூவின் ஆவி கண்ணாடியைப் புகைபடிந்ததுபோல் ஆக்கிவிடும், பிறகு மீட்க முடியாது. உள்பகுதியைப் பளபளப்பில்லாத பெயிண்டால் தீட்டுங்கள். சேசிஸைப் பாடிக்குள் இறக்கும்போது பாடியின் கீழ்விளிம்புகளை விரலால் மெல்ல விரித்து, முன்பக்கத்தை முதலில் நுழைத்துப் பின்பக்கத்தை அமுக்குங்கள். சக்கரங்களின் பசை காய்வதற்கு முன் காரை ஒரு கண்ணாடித் தட்டின்மேல் வையுங்கள். நான்கும் தரையைத் தொட வேண்டும். ஒரு சக்கரம் தூக்கி நின்றால் எவ்வளவு நல்ல பெயிண்டும் பொம்மைபோல் தெரியும்.

சேகரிக்க விரும்பினால்

முடித்த மாடல்களைச் சேர்ப்பது ஒரு வழி, பழைய கிட்டுகளையும் புரோமோக்களையும் தேடிச் சேர்ப்பது இன்னொரு வழி. இரண்டாவதில் இறங்குமுன் ஒன்றை அறிந்துகொள்ளுங்கள். அந்தக் காலத்தில் ஒவ்வொரு வருடப் புதுக் காருக்கும் கிட் வந்தது. அடுத்த வருடம் அதே அச்சை வெட்டித் திருத்திப் புது வருடக் காராக மாற்றினார்கள். அச்சு மாறிவிட்டதால் பழையதை மறுபடி வார்க்க முடியாது. அப்படிப்பட்டவை விலை ஏறும். அச்சு தப்பிப் பிழைத்தவை என்றாவது மறுபதிப்பாக வரும். அன்றைக்கு உங்கள் அபூர்வப் பெட்டியின் விலை இறங்கும். ஆகவே முதலீடாக எண்ணி வாங்காதீர்கள். பிடித்த காரை வாங்குங்கள்.

எனக்குப் பிடித்தது ஜோ-ஹானின் கிரைஸ்லர் டர்பைன் கார். டர்பைன் எஞ்சினில் ஓடிய அந்த நிஜக் கார்களை 1963, 64இல் மொத்தம் 55 மட்டுமே செய்தார்கள். பெரும்பாலானவற்றைக் கிரைஸ்லரே அழித்துவிட்டது. தப்பியவற்றில் ஒன்று டியர்போர்னில் ஹென்றி ஃபோர்டு அருங்காட்சியகத்தில் நிற்கிறது. மற்றவர்களுக்கு அந்தக் காரைக் கையில் எடுத்துத் திருப்பிப் பார்க்க ஜோ-ஹானின் சிறு கார்தான் வழி.

பழைய பெட்டி வாங்கும்போது கண்ணாடி உடைந்திருக்கிறதா, குரோம் மங்கியிருக்கிறதா, உதிரிகள் முழுதாக உள்ளனவா என்று குறிப்புத்தாளோடு ஒப்பிட்டுப் பாருங்கள். டெக்கால் எனும் ஒட்டுப்படம் மஞ்சளாகியிருந்தால் பாலிதீன் உறையில் போட்டு வெயில் படும் ஜன்னலில் சில நாள் ஒட்டிவையுங்கள், வெளுக்கும். 1950களின் புரோமோக்களைத் தரைமட்டத்தில் கண்ணை வைத்துப் பக்கவாட்டில் பாருங்கள். அவை செல்லுலோஸ் அசிடேட் பிளாஸ்டிக். வருடங்கள் போகப் போகக் கூரையும் பானெட்டும் முறுக்கிக்கொள்ளும். அதை நேராக்க நல்ல வழி இல்லை. 1960களின் தொடக்கத்தில் ஸ்டைரீனுக்கு மாறியபின் வந்தவை அப்படியே நிற்கின்றன. யாரோ ஒரு சிறுவன் பசையை அள்ளிப் பூசிக் கட்டிய பழைய மாடல் மலிவாகக் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். பெயிண்டைக் கழற்றி, ஒட்டை விடுவித்து, மறுபடி கட்டலாம். என் அலமாரியில் பாதிக்குமேல் அப்படி வந்தவைதான்.

வெயில் நேராக விழாத இடத்தில், கண்ணாடிக் கதவுள்ள அலமாரியில் வையுங்கள். மேல்மாடப் பரணில் வேண்டாம், கோடையில் அங்கே பிளாஸ்டிக் வளைந்துவிடும். திறக்காத பெட்டியாக வைத்திருந்தாலும் ஒரே ஒரு முறை திறந்து டயர்களை மட்டும் எடுத்துத் தனி உறையில் போடுங்கள். பழைய வினைல் டயரிலிருந்து கசியும் எண்ணெய், தொட்டுக்கொண்டிருக்கும் பிளாஸ்டிக்கை மெல்ல மெல்லக் கரைக்கும். முப்பது வருடம் மூடியிருந்த ஒரு பெட்டியை நான் திறந்தபோது முன்கண்ணாடியின் நட்டநடுவே டயரின் பட்டன்கள் ஒவ்வொன்றாகப் பதிந்திருந்தன. அந்தக் கார் எந்தச் சாலையிலும் ஓடியதே இல்லை.